எலியை மிச்சப்படுத்தி ஆய்வை வீணாக்கும் தீர்மானம்: ஒரு விலங்கு நெறிமுறைக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவர், உறுப்பினர்கள், கல்லூரி ஆட்சிக்குழுவினர் அவர்களுக்கு,

எலிகளின் மூளையை மின்சாரத்தால் தூண்டி நினைவையும் கற்றலையும் சோதிக்கும் ப்ராஜெக்டுகள் பற்றி உங்கள் குழு எடுத்திருக்கும் தீர்மானத்தைத் திரும்பப் பெறக் கேட்டு எழுதுகிறோம். ஸ்டீரியோடாக்சிக் சர்ஜரி (தலையைச் சட்டத்தில் பொருத்தி, அளந்த இடத்தில் மூளைக்குள் கம்பி இறக்கும் அறுவை) பழக எங்களிடம் வரும் உங்கள் மாணவர்கள்தான் நகலைக் காட்டினார்கள். அவர்கள் மேல் கோபம் வேண்டாம். படித்தபோது அவர்களுக்கே அது சரியாகப் படவில்லை.

தீர்மானம் நான்கு விஷயங்களைச் சொல்கிறது. மூளைக்குள் மின்முனை என்ற மெல்லிய கம்பியை வைத்தும் மின்சாரம் பாய்ச்சாத ஷாம் குழு இனி வேண்டாம், எதுவும் செய்யாத எலிகளோடு ஒப்பிட்டால் போதும். குழுவுக்கு 8 எலி என்பது 4 ஆகும். சோதனை முடிந்தபின் மூளையைச் சீவிப் பார்க்க வேண்டியதில்லை, எலிகளை அடுத்த பேட்ச் மாணவர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். நீர்ப்புதிர்ச் சோதனையை (தொட்டித் தண்ணீரில் மறைந்திருக்கும் மேடையை எலி நீந்தித் தேடும் சோதனை) ஏப்ரல், மே விடுமுறையில் பின்பக்க ஷெட்டில் நடத்தலாம். தூண்டல், ஷாம், எதுவும் செய்யாதது என மூன்று குழுவுக்கு 24 எலி கேட்ட விண்ணப்பம் இப்படி இரண்டு குழுவாகி 8 எலியில் வந்து நிற்கிறது. காரணம் என்ற இடத்தில் 'விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைத்தல்' என்று எழுதியிருக்கிறீர்கள்.

குறைக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 1960, 17ஆம் பிரிவிலேயே, வேறு வழியிருந்தால் விலங்குச் சோதனையைத் தவிர்க்கச் சொல்கிறது. கைப்பழக்கத்துக்காக மட்டும் சோதனை செய்யக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் நீங்கள் வெட்டியிருப்பது கிளையை அல்ல, வேரை. 24 எலியில் ஒரு கேள்விக்கு விடை கிடைத்திருக்கும். இந்த 8 எலியில் எந்தக் கேள்விக்கும் கிடைக்காது. விடையே தராத சோதனையில் மண்டையைத் துளைத்த ஒவ்வொரு எலியும் வீண்.

முதலில் ஷாம். 'மின்சாரமே பாய்ச்சாத எலிக்கு எதற்காக மண்டையைத் திறக்க வேண்டும்?' என்ற கேள்வி மனிதாபிமானமாகத்தான் தெரிகிறது. மின்முனை எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். உங்கள் மாணவர்கள் குறிவைப்பது பக்கவாட்டு ஹைப்போதலாமஸ் வழியாக ஓடும் நடு முன்மூளை நரம்புக்கற்றையை. மண்டையோட்டில் பிரெக்மா என்ற தையல் சந்திப்பிலிருந்து சுமார் 2.8 மில்லிமீட்டர் பின்னால், நடுக்கோட்டிலிருந்து 1.7 மில்லிமீட்டர் பக்கவாட்டில், மேலிருந்து 8 மில்லிமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் அது இருக்கிறது. அந்த இடத்தில் நேராகக் கம்பியை இறக்கினால் முதலில் புறணியைத் துளைக்கும், அடுத்து ஹிப்போகேம்பஸைத் துளைக்கும், பிறகு தலாமஸ், கடைசியில்தான் குறி. ஹிப்போகேம்பஸ்தான் எலி இடத்தை நினைவில் வைக்கும் பகுதி. ஆக, நீங்கள் அளக்கப்போகும் நினைவை, மின்சாரம் பாய்வதற்கு முன்பே கம்பி கீறிவிட்டுப் போகிறது.

அதோடு மயக்கமருந்து, பல் சிமெண்டில் கட்டிய தலைக்கவசத்தின் பாரம், ஒரு வாரம் தனிக்கூண்டு, தினமும் கேபிள் மாட்டும் கைபடல் எல்லாம் உண்டு. இத்தனையும் தூண்டப்பட்ட எலிக்கு நடந்திருக்கிறது. எதுவும் செய்யாத எலிக்கு ஒன்றுமே நடக்கவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் அது மின்சாரத்தாலா, கம்பியாலா, கேபிளாலா? வித்தியாசம் வராவிட்டால் இன்னும் மோசம்: கம்பி கெடுத்ததை மின்சாரம் சரிசெய்து கணக்கு நேராகியிருக்கலாம். அந்த நன்மை கண்ணுக்கே தெரியாமல் போகும். குறைத்தே ஆக வேண்டுமென்றால், எதுவும் செய்யாத எலிக் குழுவை எடுத்துவிடுங்கள். ஷாம் 8, தூண்டல் 8, மொத்தம் 16. இதற்கு நாங்களும் கையெழுத்துப் போடுவோம்.

இனி நான்கு என்ற எண். இதற்குப் பெரிய புள்ளியியல் வேண்டாம், பள்ளிக்கூடத்துச் சேர்மானக் கணக்கு போதும். எட்டு எலியை நான்கு நான்காகப் பிரிக்க 70 வழிகள் உண்டு. எலிகளை மதிப்பெண் வரிசையில் நிறுத்தி ஒப்பிடும் தரவரிசைச் சோதனையில் தூண்டப்பட்ட நான்கும் மற்ற நான்கையும் ஒன்று விடாமல் முந்தினால்தான் இருபக்க நிகழ்தகவு 70இல் 2, அதாவது 0.029 என்று வரும். ஓர் எலி ஒரே ஓர் இடம் முன்பின் ஆனாலும் அது 70இல் 4, 0.057. முடிவு தற்செயல் அல்ல என்று ஏற்பதற்கான வழக்கமான 0.05 எல்லை தாண்டிவிட்டது. இதைவிட மோசம், ஒரு மின்முனை குறி தவறினால் தூண்டல் குழுவில் எஞ்சுவது மூன்று. மூன்றுக்கு நான்கு என்றால் 35 வழிகள். எல்லா எலியும் நீங்கள் ஆசைப்பட்டபடியே நடந்துகொண்டாலும் 35இல் 2, மறுபடியும் 0.057. அதாவது ஒரேயொரு குறி தவறினால் அந்தச் சோதனை வெற்றி பெறுவது கணக்குப்படியே நடக்காத காரியம். இது முதல் எலியைத் தொடுவதற்கு முன்பே தெரிந்த விஷயம். எட்டுக்கு எட்டு என்றால் இரண்டு தவறினாலும் ஆறு இருக்கும், தாங்கும்.

குறி தவறுமா என்று கேட்பீர்கள். பழகிய கைக்கும் தவறும். எலியின் காதுத்துளைகளில் இரு கம்பிகளும் சமமாக உட்கார வேண்டும். தலையை விரலால் அசைத்தால் மேலும் கீழும் ஆடலாம், பக்கவாட்டில் ஆடக் கூடாது. முன்பல்லைத் தாங்கும் கம்பியை மைனஸ் 3.3 மில்லிமீட்டரில் வைத்துத் தொடங்கலாம். ஆனால் அந்த எண்ணை நம்பி விட்டுவிடக் கூடாது. பிரெக்மாவையும் பின்னாலுள்ள லாம்டா என்ற தையல் சந்திப்பையும் ஊசிமுனையால் தொட்டு, இரண்டின் உயரமும் 0.1 மில்லிமீட்டருக்குள் சமமா என்று பார்க்க வேண்டும். மூக்கு கொஞ்சம் தாழ்ந்திருந்தால் 8 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் போவதற்குள் முனை அரை மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். பேக்சினோஸ், வாட்சன் இருவரின் மூளை வரைபடம் சுமார் 290 கிராம் ஆண் விஸ்டார் (ஆய்வுக்கூட வெள்ளை எலி வகை) எலிகளை வைத்து வரைந்தது. உங்கள் விண்ணப்பத்தில் '180 முதல் 350 கிராம் வரை' என்று இருக்கிறது. 180 கிராம் எலிக்கும் 350 கிராம் எலிக்கும் ஒரே எண்ணைப் போட்டால் இரண்டில் ஒன்றாவது தவறும்.

அரை மில்லிமீட்டர் அற்பமாகத் தோன்றலாம். முனை சற்று வெளிப்பக்கம் போனால் உட்கேப்சூல், இயக்க நரம்புகளின் பாதை. மின்சாரம் பாய்ந்ததும் எலியின் எதிர்ப்பக்கக் கால் வெட்டும், தலை ஒருபக்கம் இழுக்கும். உட்பக்கம் போனால் எலிக்குத் துன்பம். அது ஓடப் பார்க்கும், எகிறும். சரியான இடத்தில் இருந்தால் அதே எலி லிவரை அழுத்தி அழுத்தி அதே மின்சாரத்தைத் தானே கேட்டு வாங்கும். மூன்று எலிக்கும் ஆய்வேட்டில் ஒரே பெயர்தான்: 'தூண்டப்பட்ட குழு'.

இந்தத் துறையின் பெரிய கண்டுபிடிப்பே குறி தவறியதில் கிடைத்தது. 1954இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் மூளைத்தண்டின் வலையமைப்பைத் தேடிப் போனார்கள். ஒரு எலியில் மின்முனை போய் நின்ற இடம் மூளையின் முன்பக்கமுள்ள செப்டம் பகுதி. அந்த எலி மின்சாரம் கிடைத்த மூலைக்கே திரும்பத் திரும்ப வந்தது. முனை எங்கே இருக்கிறது என்று பார்த்ததால்தான் அது கண்டுபிடிப்பு ஆயிற்று. உங்கள் தீர்மானத்தின்படி நடந்திருந்தால் 'வலையமைப்பைத் தூண்டினால் எலி மூலையை விரும்புகிறது' என்று தவறாக எழுதிவிட்டு, எலியை அடுத்த பேட்ச்சுக்குக் கொடுத்திருப்பார்கள்.

மூளையைச் சீவிப் பார்ப்பது செலவு பிடித்த வேலையும் அல்ல. மின்முனை துருப்பிடிக்காத எஃகுக் கம்பி என்பதால் எளிய வழி ஒன்று இருக்கிறது. கடைசி நாளில் ஆழ்ந்த மயக்கத்தில் முனை வழியாக 20 மைக்ரோஆம்பியர் நேர்மின்சாரத்தை, முனை நேர்முனையாக இருக்கும்படி, 10 முதல் 20 விநாடி பாய்ச்சினால் கம்பியிலிருந்து துளி இரும்பு திசுவில் இறங்கும். பிறகு இதயம் வழியாக 0.9 சதவீத உப்புக்கரைசலை விட்டு, ஈரல் வெளிறிய பின் பொட்டாசியம் ஃபெரோசயனைடு கலந்த 10 சதவீத ஃபார்மலினை விட வேண்டும். மூளையை எடுத்து 40 அல்லது 50 மைக்ரான் தடிமனில் சீவினால், கம்பி வந்த வழி மெல்லிய கோடாகவும் அதன் அடியில் ஒரு நீலப் புள்ளியும் தெரியும். இரும்பும் ஃபெரோசயனைடும் சேர்ந்த பிரஷ்யன் நீலம் அது. கிரெசில் வயலட் என்ற திசுச்சாயத்தின் ஊதாவுக்கு நடுவே அந்த நீலம் தனியாகத் துலங்கும். வரைபடத்தின் தாளை பக்கத்தில் வைத்துப் புள்ளி வைத்தால் முடிந்தது. எந்த எலி கணக்கில் சேரும், எது சேராது என்பதை அந்த நீலப் புள்ளி சொல்கிறது. சோதனை முடிவு தெரியாத ஒருவர் அதைப் பார்த்துக் குறிக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

மூளையைச் சீவாமல் எலியை அடுத்த பேட்ச்சுக்குக் கொடுப்பது இன்னொரு தவறு. அந்த எலிக்குத் தொட்டியும் மேடையும் ஏற்கெனவே பாடம். கம்பியைச் சுற்றி வடுத்திசு கட்டியிருக்கும், தலைக்கவசத்தின் விளிம்பில் சீழ் பிடித்திருக்கவும் கூடும். அதை 'புது எலி' என்று எழுத முடியாது. இரண்டாம் முறை அதே வதையைச் செய்வதற்குக் குழு தனியாக அனுமதி தந்ததாகவும் தெரியவில்லை.

விண்ணப்பப் படிவங்களில் எங்களை மிகவும் உறுத்தியது 'மிதமான மின்சாரம் கொடுக்கப்படும்' என்ற வரி. குழு அதை அப்படியே ஏற்றிருக்கிறது. மருந்துச் சோதனையில் 'மிதமான அளவு மாத்திரை' என்று எழுதினால் ஒப்புதல் கொடுப்பீர்களா?

இந்தத் துறையில் எண் மாறினால் பலன் தலைகீழாகும். டிம் பிளிஸும் டெர்யே லோமோவும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், மயக்கத்தில் இருந்த முயல்களின் ஹிப்போகேம்பஸுக்குப் போகும் பாதையைச் சில விநாடிகள் அடுக்கடுக்காகத் தூண்டியதும் அங்குள்ள நரம்பு இணைப்புகள் மணிக்கணக்கில் வலுவாகவே இருந்தன. கற்றலுக்கு உடல்ரீதியான அடிப்படை என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் எல்.டி.பி (நரம்பு இணைப்பின் நீடித்த வலுவாக்கம்) இதுதான். 2014இல் சான் டியேகோவில் எலிகளின் மூளையில் பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலாவுக்குப் போகும் ஒரே பாதையில், நரம்புகளை ஒளியால் தூண்டினார்கள். விநாடிக்கு 1 துடிப்பு என்று மெதுவாகக் கொடுத்தபோது கற்ற பயம் போனது. விநாடிக்கு 100 என்று கொடுத்தபோது திரும்பி வந்தது. இடம் அதேதான், வேகம்தான் வேறு. மூளையையும் உள்ளுறுப்புகளையும் இணைக்கும் வேகஸ் நரம்பை எலிகளில் பயிற்சிக்குப் பிறகு தூண்டிய 1995ஆம் ஆண்டு ஆய்வில் 0.4 மில்லியாம்பியரில் நினைவு கூடியது. அதைவிடக் குறைந்த அளவிலும் கூடிய அளவிலும் அந்தப் பலன் இல்லை. மனிதரிலும் இதே குழப்பம்: ஹிப்போகேம்பஸுக்குச் செய்தி அனுப்பும் என்டோரைனல் பகுதியைத் தூண்டினால் இடநினைவு கூடுகிறது என்று 2012இல் ஓர் ஆய்வு வந்தது, அந்தப் பகுதியையும் ஹிப்போகேம்பஸையும் தூண்டினால் நினைவு குறைகிறது என்று 2016இல் மற்றொன்று வந்தது. 'தூண்டினால் ஞாபகம் கூடும்' என்று ஒரு வரியில் முடிக்கக்கூடிய விஷயம் அல்ல இது.

எனவே படிவத்தில் இவையெல்லாம் எண்ணாக இருக்க வேண்டும்: மின்னோட்டம் எத்தனை மைக்ரோஆம்பியர், துடிப்பின் அகலம் எத்தனை மைக்ரோவிநாடி, விநாடிக்கு எத்தனை துடிப்பு, தொடர் எத்தனை விநாடி, மொத்தம் எத்தனை தொடர், பயிற்சிக்கு முன்னா பின்னா. 100 மைக்ரோஆம்பியரும் 100 மைக்ரோவிநாடியும் என்றால் ஒரு துடிப்புக்கு 10 நானோகூலம் என்று கணக்கும் போட்டிருக்க வேண்டும். துடிப்பு இருதிசையிலும் சமமாகப் போக வேண்டும். ஒரே திசையில் போனால் முனையில் மின்னாற்பகுப்பு நடக்கும், வாயுக் குமிழ் வரும், திசு வேகும். நாலைந்து நாளில் நீங்கள் தூண்டிக்கொண்டிருக்க மாட்டீர்கள், அந்த இடத்தை அழித்துக்கொண்டிருப்பீர்கள். 'தூண்டல் நினைவைக் குறைத்தது' என்று முடிவு வரும். உண்மையில் குறைத்தது புண்.

ஸ்டிமுலேட்டரின் திரையில் 100 என்று தெரிவதால் எலிக்குள் 100 போகிறது என்று அர்த்தம் இல்லை. கேபிள் உள்ளுக்குள் அறுந்திருக்கலாம், தலைக்கவச சாக்கெட்டில் உப்பு படிந்திருக்கலாம். கம்பியோடு தொடராக ஒரு 1 கிலோஓம் ரெசிஸ்டரைப் போட்டு, அதன் இரு முனையிலும் ஆசிலோஸ்கோப்பை வைத்துப் பாருங்கள். 100 மைக்ரோஆம்பியர் போனால் 0.1 வோல்ட் உயரத்தில் இரு பெட்டிகள் தெரியும், மேலே ஒன்று, கீழே ஒன்று. அந்தப் படம் தினமும், ஒவ்வொரு எலிக்கும், தூண்டலுக்கு முன் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஸ்டிமுலேட்டரின் வெளியீடு பேட்டரி ஐசொலேட்டர் (சுவர் மின்சாரத்திலிருந்து பிரித்துவைக்கும் கருவி) வழியாகத்தான் போக வேண்டும். மின்வெட்டில் யூ.பி.எஸ் மாறும் நொடியில் வரும் வெட்டு எலியின் தலைக்குள் போகக் கூடாது.

வலிப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூட உங்கள் தீர்மானத்தில் இல்லை. ஹிப்போகேம்பஸிலோ அமிக்டலாவிலோ தினமும் ஒரே தூண்டலைக் கொடுத்தால், முதல் நாட்களில் ஒன்றும் தெரியாது, பிறகு அதே அளவே வலிப்பைக் கிளப்பும். கிரஹாம் கோடார்டு 1960களில் இதைக் காட்டினார். கிண்ட்லிங் என்று பெயர். வாய் மெல்லுதல், தலையாட்டம், முன்கால் வெட்டு, பின்காலில் எழுந்து நிற்பது, விழுவது என்று வலிப்பின் தீவிரத்தை அளக்கும் ராசின் அளவுகோலில் ஐந்து நிலை. நனைந்த நாய் உதறுவதுபோல எலி உடம்பை உதறினால் அதுவும் எச்சரிக்கை. கற்றலுக்கு அடுத்து வரும் வலிப்பு நினைவைத் துடைக்கும் என்பதை கார்ல் டங்கன் 1949இலேயே எலிகளில் மின்னதிர்ச்சி கொடுத்துக் காட்டினார்: பயிற்சிக்கும் அதிர்ச்சிக்கும் இடைவெளி குறையக் குறைய மறதி கூடியது. உங்கள் மாணவர் கூண்டுக்கு முதுகைக் காட்டி ஸ்டிமுலேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு சிறு வலிப்பு கவனிக்கப்படாமலே போய்விடும். தூண்டலின்போது வீடியோ கட்டாயம் வேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

இங்கே ஒரு கிளைக்கதை. ஒரு விண்ணப்பத்தில் ஹோசே டெல்காடோவின் காளை மேற்கோளாக வந்திருக்கிறது. அலங்காநல்லூருக்கும் பாலமேட்டுக்கும் நடுவே வாழும் நமக்கு அந்தக் கதை பிடிக்காமல் இருக்குமா? 1963இல் ஸ்பெயினின் கோர்டோபாவில், மூளையில் மின்முனை வைத்த காளை பாய்ந்து வந்தது. டெல்காடோ ரேடியோ பட்டனை அழுத்தினார், காளை நின்று திரும்பியது. மூர்க்கமே அணைந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. அந்த மின்முனை இருந்தது காடேட் உட்கருவில், அது உடல் அசைவோடு தொடர்புள்ள பகுதி. காளைக்குக் கோபம் போனதா, உடம்பு ஒருபக்கம் இழுத்ததால் திரும்பியதா என்று எலியட் வாலன்ஸ்டைன் போன்றவர்கள் கேட்ட கேள்விக்கு அந்தக் காட்சியில் பதில் இல்லை. ஒப்பிட வேறு ஏற்பாடு எதுவும் இல்லாத காட்சி அது. வாடிவாசலில் நிற்கிற எவருக்கும் தெரியும், காளை திரும்புவது வேறு, அடங்குவது வேறு. எலிக்கும் அப்படியே. தொட்டியில் எலி மெதுவாக நீந்தினால் அது மறதியா, கால் வலுவிழப்பா, அச்சமா? கண்ணுக்குத் தெரியும் மேடை வைத்து ஒரு சுற்று, திறந்தவெளிப் பெட்டியில் ஐந்து நிமிடம் நடமாட்டம், இந்த இரண்டும் இல்லாத நினைவுச் சோதனையை ஏற்காதீர்கள்.

இனி ஷெட். ரிச்சர்டு மோரிஸ் 1981இல் எழுதிய நீர்ப்புதிரின் அடிப்படையே எலிக்குத் தண்ணீரில் இருக்கப் பிடிக்காது என்பதுதான். வெளியேற வேண்டும் என்ற அவசரம் இருந்தால்தான் மறைந்திருக்கும் மேடையைத் தேடும், இடத்தை மனதில் வைக்கும். அதற்குத் தண்ணீர் 22 முதல் 26 டிகிரி இருக்க வேண்டும். மே மாதத்து மதுரையில் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் 34 டிகிரிக்குக் குறையாது. அதில் எலி சாவகாசமாக மிதக்கும், மேடையைத் தேடாது. நீங்கள் அதை மறதி என்று எழுதுவீர்கள். ஒன்றரை மீட்டர் விட்டத் தொட்டியில் 30 சென்டிமீட்டர் உயரம் நிரப்பினால் ஏறக்குறைய 530 லிட்டர். 34 டிகிரியிலிருந்து 26க்கு இறக்க 40 கிலோ ஐஸ் வேண்டும். ஒவ்வொரு நாளும் வேண்டும். 38 டிகிரி ஷெட்டில் அது மதியத்துக்குள் மறுபடி ஏறும். ஐஸ் ஒரு மூலையில் மிதக்கும்போது தொட்டியின் ஒரு பக்கம் குளிர்ச்சியாகவும் மறுபக்கம் சூடாகவும் இருக்கும், எலி அதையே அடையாளமாக வைத்துக்கொள்ளும்.

தண்ணீர் மட்டும் அல்ல. எலிக்கு வியர்க்காது. வாலால் சூட்டை விடும், எச்சிலை உடம்பில் தடவிக்கொள்ளும். விலங்கு நல விதிகளில் சோதனைக்கூட எலிகளுக்குச் சொல்லியிருக்கும் வெப்பநிலை 18 முதல் 29 டிகிரி, ஈரப்பதம் 30 முதல் 70 சதவீதம். தகர ஷெட்டில் வரிசைக்குக் காத்திருக்கும் எலி ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கும், அழுத்தமே நினைவைக் கெடுக்கும். கூரை மின்விசிறியைப் போட்டால் இறக்கைகளின் நிழல் தண்ணீரில் சுழலும். வெள்ளைத் தொட்டியில் வெள்ளை எலியைக் கேமரா பிடிக்காது. தண்ணீரைக் கறுப்பாக்க நஞ்சில்லாத சாயம் வேண்டும், பால்பவுடர் கலந்தால் மறுநாள் காலை நாற்றம். விஸ்டார் எலிக்குக் கண்பார்வை மந்தம், சுவரில் ஒட்டும் அடையாளங்கள் ஏ4 தாள் அளவில் இருந்தால் அதற்குத் தெரியாது. சித்திரைத் திருவிழா நாட்களின் வேட்டுச் சத்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சர்ஜரிக்கும் இந்த வெயில் பகை: பல் சிமெண்ட் சூட்டில் சீக்கிரம் இறுகும், கம்பியைச் சுற்றிப் பரவுவதற்கு முன்பே கெட்டியாகி, இரண்டாம் வாரத்தில் தலைக்கவசம் திருகாணிகளோடு கழன்று வரும்.

காலத்தைப் பற்றியும் ஒன்று. என்டோரைனல் புறணியை ஒரு மணி நேரம் தூண்டினால் சுண்டெலிகளின் இடநினைவு கூடுகிறது என்ற 2011ஆம் ஆண்டு டொரண்டோ ஆய்வை உங்கள் மூன்று விண்ணப்பங்கள் மேற்கோள் காட்டுகின்றன. அந்த நன்மை தூண்டிய மறுவாரம் தெரியவில்லை, ஆறு வாரம் கழித்தே தெரிந்தது. தூண்டலால் புதிதாகப் பிறந்த நரம்பணுக்கள் வளர்ந்து வேலைக்கு வர அத்தனை நாள் ஆகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். உங்கள் கால அட்டவணையோ தூண்டலுக்கு மறுநாளே தொட்டியில் இறக்குகிறது. 'பலன் இல்லை' என்ற முடிவு கிடைப்பது உறுதி, அதற்கு எலி தேவையே இல்லை.

நம் பக்கத்தில் இதைச் சரியாகச் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். பெங்களூருவின் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் 1990களிலேயே ஃபார்னிக்ஸ் (ஹிப்போகேம்பஸிலிருந்து வெளியேறும் நரம்புக்கற்றை) சேதமான எலிகளுக்குத் தானே தூண்டிக்கொள்ளும் வாய்ப்பைக் கொடுத்து, கற்றல் குறைபாடு சீரடைவதைக் காட்டினார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே.சந்திரசேகரன் வௌவால்களின் உயிர்க்கடிகாரத்தைப் படித்தது உலகம் மதித்த வேலை. பெரிய கருவிகளை விட, எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்ற பிடிவாதம்தான் அங்கே இருந்தது.

எங்கள் கோரிக்கைகள்:

தீர்மானத்தை நிறுத்திவைத்து, தூண்டல் ப்ராஜெக்டுகள் எல்லாவற்றையும் மறுபரிசீலனைக்கு எடுங்கள். ஷாம் குழுவைக் கட்டாயமாக்குங்கள். எதுவும் செய்யாத குழுவை, தனிக் காரணம் சொன்னால் தவிர, அனுமதிக்காதீர்கள். குழுவுக்கு 8 என்பதைத் தக்கவையுங்கள்.

மூளைச் சீவல் இல்லாத, முனை இருந்த இடம் ஒவ்வொரு எலிக்கும் குறிக்கப்படாத ப்ராஜெக்டை முடிந்ததாக ஏற்காதீர்கள். மின்முனை வைத்த எலியை வேறு ப்ராஜெக்டுக்கு மாற்றுவதைத் தடை செய்யுங்கள்.

படிவத்தில் மின்னோட்டம் முதல் நேரம் வரை எல்லா எண்களும், வலிப்பு வந்தால் எந்த நிலையில் நிறுத்துவோம் என்பதும், சர்ஜரிக்குப் பிறகு வலிநிவாரணி எது, எத்தனை நாள் என்பதும் இல்லாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். ஆசிலோஸ்கோப் பதிவேட்டையும் வீடியோவையும் குழுவின் கால்நடை மருத்துவர் மாதம் ஒருமுறை பார்க்கட்டும்.

சர்ஜரி பழக உயிருள்ள எலியைக் கொடுக்காதீர்கள். மற்ற ப்ராஜெக்டுகளில் கருணைக்கொலை செய்த எலிகளின் உடல் கிடைக்கும். முனையில் மை தொட்டு இறக்கி, வெட்டிப் பார்த்து, தொடர்ந்து ஐந்து உடலில் குறி தவறாத மாணவருக்கு மட்டும் உயிருள்ள எலி. எண்ணிக்கையைக் குறைக்க விருப்பமிருந்தால் குறைக்க வேண்டிய இடம் இதுதான். இளங்கலை மாணவர்களுக்கு எலியே வேண்டாம், பதிவு செய்த தரவுகளே போதும்.

ஷெட்டில் நீர்ப்புதிர் நடத்தும் அனுமதியை ரத்து செய்யுங்கள். குளிரூட்டிய அறை கிடைக்கும் வரை, அல்லது டிசம்பர், ஜனவரி வரை, எந்த எலிக்கும் சர்ஜரி செய்யாதீர்கள். வாங்கி வைத்திருக்கும் எலிகளை இப்போது சர்ஜரிக்கு எடுத்தால் ஆறு வாரக் காத்திருப்பு முடியும்போது சரியாக மே மாதம் வரும். அதற்குள் எழுத்து மூலமான பதிலை, அடுத்த குழுக் கூட்டத்துக்கு முன்பாக, அறிவிப்புப் பலகையிலும் மாணவர்களுக்கும் தாருங்கள்.

இப்படிக்கு,
மதுரை வட்டாரத்தில் உடலியங்கியல், விலங்கியல் ஆய்வுக்கூடங்களில் வேலை செய்வோர்